ஒரு பக்கம் தேய்ந்த ராணி

பழைய காசைப் பார்த்துத் தரம் சொல்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. பிடிக்காது என்றால் சும்மா இல்லை, கண்ணில் பட்டாலே வயிறு எரியும். போன வாரம்கூட நான் வேலை பார்க்கிற லாட்ஜில் அப்படி இரண்டு பேர் வந்து தங்கினார்கள். படுக்கை விரிப்பு மாற்றப் போனால், மெத்தை முழுக்கக் காசைப் பரப்பி வைத்துக்கொண்டு, இது நல்லா இருக்கு, இது சுமார், இது குப்பை என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். குப்பைக் குவியலில் இருந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். "தொடாதம்மா, கை ரேகை படும்" என்றார் ஒருவர். குப்பை என்று நீங்களே ஒதுக்கிவிட்டதில் என் ரேகை பட்டால் என்ன குடி முழுகிப் போகும்? விரிப்பை மாற்றாமலே வந்துவிட்டேன். மேனேஜர் திட்டினார். திட்டட்டும்.

அம்மா செத்துப் போன துக்கத்தில்தான் எனக்கு இப்படிக் கோபம் வருகிறது என்று கூட வேலை செய்கிற அக்கா சொல்கிறாள். அம்மா போனது இந்த மழைக்காலத்தில். இந்தக் கோபம் அதற்கெல்லாம் ரொம்ப முந்தியது. அப்போது எனக்குப் பத்து வயசு இருக்கும்.

எங்கள் ஊர் ஏற்காட்டு மலையில் தலைச்சோலை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே வாசலில் அடுத்தடுத்து வீடு. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மீதி நாளெல்லாம் எஸ்டேட் வேலை. பெரியப்பா மட்டும் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார். ஏற்காட்டுக்கு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அதில் ஏற்றிக்கொண்டு போவார். வெளியூர்க்காரர்களிடம் பேசிப் பேசி எங்கள் வீட்டிலேயே உலகம் தெரிந்தவர் அவர்தான் என்று பேர் வாங்கியிருந்தார்.

இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு வெள்ளி ரூபாய் இருந்தது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணியின் தலை. இன்னொரு பக்கம் பூவேலைக்கு நடுவில் எழுத்தும் வருஷமும். செலவுக்கு வைத்த காசு இல்லை அது, சாமிக்கு முடிந்து வைத்ததும் இல்லை. பிள்ளைக் காசு என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்து பேர் வைக்கிற நாளில், மருந்து உரசும் கல்லில் மலைத்தேன் ஒரு சொட்டு விட்டு, ராணியைக் குப்புறப் போட்டு மூன்று தடவை இழுத்து, அந்தத் தேனை எடுத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவார்கள். வெள்ளி உள்ளே போனால் எலும்பு கெட்டிப்படுமாம். ஏன் ராணி பக்கம்? எழுத்துப் பக்கத்தை உரசினால் பிள்ளைக்குப் படிப்பு வராதாம். எனக்கும் ராணி பக்கத்தைத்தான் உரசினார்கள். எட்டாவதோடு நான் நின்றுபோனது எழுத்து செய்த சதி இல்லை.

கடைசியாக யார் பிள்ளை பெற்றாளோ அவள் கையில்தான் அந்தக் காசு இருக்க வேண்டும். அடுத்தவள் பெறும்போது அவள் கைக்குப் போகும். அதனால் எங்கள் அம்மாவின் பவுடர் டப்பாவில் அது இருந்தது. கடைசியாகப் பிறந்தவள் நான்தானே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அப்படி அது பாட்டுக்கு இருந்த காசைக் கெடுத்தது பெரியப்பாவின் போன். ஒருநாள் சாயங்காலம் எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டு ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். கோட்டுப் போட்ட ஒருத்தன், இந்தக் காசு உங்கள் வீட்டில் இருக்கிறதா, இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று கத்தினான். அவன் கையில் இருந்தது அச்சு அசலாக எங்கள் ராணி. காசு மட்டும் இருந்தால் போதாது, அது எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்றும் சொன்னான். ராணியின் முடி இழை இழையாகத் தெரிய வேண்டுமாம். கன்னம் மழுங்கியிருக்கக் கூடாதாம். ஓரத்து மணிகள் எல்லாம் முழுசாக இருக்க வேண்டுமாம். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள்.

"டப்பாவை எடுத்துட்டு வா புள்ள" என்றார் பெரியப்பா அம்மாவிடம்.

அம்மா எழுந்திருக்கவில்லை. "அது பாட்டுக்குக் கெடக்கட்டுமுங்க மாமா. ஊட்டுக் காசுங்க" என்றாள்.

"வெச்சு என்ன பூசையா பண்ணப் போற?" என்று பெரியம்மா சிரித்தாள். "இனிமேட்டு நீ பெக்கப் போறியா, நான் பெக்கப் போறனா?"

அம்மா உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து பெரியப்பா முன்னால் வைத்துவிட்டு, விறகு எடுக்கப் போகிறேன் என்று போய்விட்டாள். அடுப்படியில் விறகு நிறைய இருந்தது.

அன்றைக்கு எழுத்துப் பக்கத்தைத்தான் எல்லாரும் பார்த்தோம். பூவும் இலையும் நேற்று அடித்த மாதிரி இருந்தன. திருப்பிப் பார்த்த பெரியப்பா, "மூஞ்சி கொஞ்சம் மழுங்கல்தான். வயசான பொம்பளதான, இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது எங்கள் பரிசோதனை. பெரியம்மா உடனே புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள், தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோக வேண்டும் என்று. வீடியோக்காரன் கழுவவே கூடாது என்று சொல்லியிருந்தான். அதற்கு ஒரு சண்டை. "அழுக்கோட போனா நம்மள என்ன நெனைப்பாங்க?" என்று பெரியம்மா. "காசுக்குத்தாண்டி வெலை, உனக்கில்ல" என்று பெரியப்பா. கரைத்த புளி அன்று ராத்திரி ரசமானது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வாசலில் கனவாகக் கொட்டியது. பெரியப்பாவுக்குப் புது ஜீப். பெரியம்மாவுக்குக் கிணறு. அப்பா வாயே திறக்காத மனுஷன், அவர்கூட கூரைக்குக் கான்கிரீட் போடலாம் என்றார். நான் சைக்கிள் கேட்டேன். எங்கள் ஊர் மேட்டில் சைக்கிளை மிதிக்கவா முடியும், தள்ளத்தான் முடியும். இருந்தாலும் கேட்டு வைத்தேன். அம்மா எதுவும் கேட்கவில்லை. அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை.

கோடை விழா சமயத்தில் சேலத்திலிருந்து ஒரு காசுக்காரர் வந்து ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் ஹாலில் உட்கார்ந்திருப்பதாகப் பெரியப்பா கேள்விப்பட்டு வந்தார். கட்டிக்கொடுத்துப் போன பெரியம்மா மகளைத் தவிர, ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் கிளம்பினோம். வீட்டுக் காசு என்பதால் வீடே போக வேண்டுமாம். பெரியம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். நான் புதுக் கொலுசு போட்டுக்கொண்டேன். மாரியம்மன் நோம்பிக்கு அப்பா வாங்கித் தந்தது. காசு பஞ்சுக்குள் வைத்து, பஞ்சு துணிக்குள் வைத்து, துணி அம்மாவின் மடியில் இருந்தது. விழாக் கூட்டத்தில் ஏரிப் பக்கமே வண்டி நகரவில்லை.

ஹாலில் எங்களுக்கு முன்னால் கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டர் ஒருவர் நின்றிருந்தார். காசுக்காரர் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பக்கத்தில் நகைக்கடைத் தராசு ஒன்று வைத்து, கண்ணில் லென்ஸ் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காசை ஓரத்தில் மட்டும் பிடித்தார். ரைட்டரின் காசைப் பார்த்து, "நல்லா புழங்கியிருக்கு. நாலாவது தரம்" என்றார். ரைட்டர் தன்னையே நாலாவது தரம் என்று சொன்ன மாதிரி முகம் வாடி நகர்ந்தார். எனக்கு அப்போதே அந்த ஆளைப் பிடிக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. அம்மா துணியைப் பிரித்து எழுத்துப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்தாள்.

"அடேங்கப்பா!" என்றார் அவர். "ஒரு இலைகூட மழுங்கல. சந்தைக்கே போகாத காசுங்க இது. இந்தப் பக்கத்துக்கு நூத்துக்குத் தொண்ணூறு போடலாம்."

பெரியம்மா என் கையைப் பிடித்து நசுக்கினாள். பெரியப்பா எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார், நான் சொல்லவில்லையா என்பது போல.

அவர் காசைத் திருப்பினார். லென்ஸைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டு பார்த்தார். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். தராசில் போட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"இதை யாருங்க தேச்சது?"

"அது பழக்கத்துல தேஞ்சதுங்க சார்" என்றார் பெரியப்பா.

"பழக்கத்துல தேஞ்சா மேடு மட்டும்தாங்க மழுங்கும். கன்னம், காது, கிரீடத்து நுனி, அவ்வளவுதான். இங்க பாருங்க, மூக்கு, கன்னம், கழுத்து எல்லாம் ஒரே மட்டம். கல்லுல போட்டு இழுத்திருக்காங்க."

பெரியப்பாவுக்கு உயிர் வந்தது. பிள்ளைக்குத் தேனில் உரசுகிற வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "எத்தனை பிள்ளைங்க?" என்றார்.

"தலைமுறை தலைமுறையா, ஒரு இருவது இருக்குமுங்க."

"இருபதை மூணால பெருக்குங்க. அதுக்கு இவ்வளவு போகாதுங்க. எடையே குறையுது. அதுவும் போக, பழைய கீறல் கறுத்திருக்கும். இது மேலாப்புல வெளுப்பா இருக்கு. ஒரு ஏழெட்டு வருஷத்துக்குள்ள யாரோ விடாமத் தேச்சிருக்காங்க. வெள்ளியைச் சுரண்டுறதுக்கு இப்படிச் செய்வாங்க. நான் நிறையப் பார்த்திருக்கேன்."

ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். திருடனைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பெரியம்மா என் கையை விட்டாள். அம்மா பக்கம் திரும்பினாள். "காசு உங்கிட்டத்தான இருந்துச்சு?"

அம்மா பிரித்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

"உன்னையத்தாங் கேக்கறேன். எங்கிட்ட இருந்து உங்கைக்கு வரும்போது இப்பிடியா இருந்துச்சு?" பெரியம்மாவின் கண் கீழே இறங்கி என் கால் மேல் நின்றது. "ஓ… நோம்பிக்குக் கொலுசு! நான்கூட மொளகு வித்த காசுன்னுல்ல நெனச்சேன்."

கல்லில் உரசிய தூளை வைத்து யாராவது கொலுசு செய்ய முடியுமா? பத்து வயசுப் பிள்ளைக்கே அது தெரியும். உரசின வெள்ளி தேனோடுதான் போகும், தட்டானிடம் போகாது. பெரியம்மாவுக்கும் தெரியும். ஆனால் கண் முன்னால் கிணறு தூர்ந்து போகும்போது வாய்க்கு வந்ததுதானே வரும். நான் அப்பாவைப் பார்த்தேன். ஆமாம், நான்தான் மிளகு விற்று வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தேன். அவர் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அப்போது அம்மா சொன்னாள். சத்தமாகக்கூட இல்லை.

"நாந்தானுங்க ஒரசுனேன். தெனம். ஆறு மாசம்."

அவ்வளவுதான். ஏன், எதற்கு, ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா வாயைத் திறந்தவள் அப்படியே கையால் பொத்திக்கொண்டாள். பெரியப்பா மேசையை விட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். அப்பா ஹாலை விட்டு வெளியே போனார். பேசினது காசுக்காரர் மட்டும்தான். "பார்த்தீங்களா? தினம் தேச்சதுன்னு சொன்னேன்ல. ஆறு மாசம்… ம், கணக்கு சரியா வருது" என்றார். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம், தான் சொன்னது சரியாகப் போனதில். "ஒரு பக்கம் தொண்ணூறு வாங்கினாலும் இன்னொரு பக்கம் ஃபெயில்னா மொத்தமும் ஃபெயிலுங்க. உருக்குற வெலைக்கு வேணா எடுத்துக்கறேன்."

அம்மா காசை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள்.

"துணியில துடைக்காதீங்கம்மா, கீறல் விழும்" என்றார் அவர்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எங்கம்மா ஒண்ணும் திருடி இல்லீங்க!" என்று கத்தினேன்.

"நான் எங்க கண்ணு அப்படிச் சொன்னேன்? காசோட கண்டிஷனைத்தான் சொன்னேன்" என்று அவர் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கொலுசுத் திருகைக் கழற்றி, இரண்டையும் பெரியம்மா மேல் வீசினேன். "நீயே போட்டுக்க!" என்றேன். பெரியம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. பட்டுப்புடவையோடு அந்த அழுக்குத் தரையில் மண்டி போட்டு, கொலுசைப் பொறுக்கி, என் காலை இழுத்து மடியில் வைத்து மாட்டினாள். திருகு சட்டென்று உள்ளே போகவில்லை. நான் உதைத்தேன். உதை அவள் நெஞ்சில் பட்டது. "உதை கண்ணு, உதை" என்றாள். கண்ணில் தண்ணீர் ஓடியது. என்ன நடிப்பு நடிக்கிறாள் பார் என்று நினைத்தேன். ஊரே பார்க்கத் திருட்டுப் பட்டம் கட்டிவிட்டு இப்போது காலைப் பிடிக்கிறாளாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் காசைப் பற்றி யாரும் பேசவில்லை. அது மறுபடி பவுடர் டப்பாவுக்குப் போனது. பெரியம்மா அம்மாவுக்குத் தண்ணீர் தூக்கித் தந்தாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. எங்கள் அம்மாவைத் திருடி என்று முடிவு கட்டிவிட்டு, போனால் போகிறது என்று மன்னித்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்களை மன்னிக்க இவர்கள் யார் என்றுதான் என் கோபமெல்லாம். பத்து வருஷம் அந்தக் கோபத்தை வைத்துச் சோறு தின்றிருக்கிறேன்.

அம்மாவின் காரியம் முடிந்த அன்று மத்தியானம், பின்வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். பெரியம்மாவும் நானும்தான். பந்தி முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். எனக்கு என்ன வந்ததோ, அத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். எங்கம்மாவை அன்னிக்கு ஏன் திருடின்னு சொன்ன என்று.

பெரியம்மா சாம்பல் கையோடு என்னைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா சாமி?" என்றாள். "உங்கப்பன் சொல்லவே இல்லியா?"

எனக்குப் பின்னால் ஒரு தம்பி பிறந்திருக்கிறான். இதயத்தில் ஓட்டையோடு. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் பிள்ளைக்கு எடை போதாது, கொஞ்சம் எடை ஏறட்டும், கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பால் குடிக்கவே அவனுக்கு மூச்சு வாங்குமாம். இரண்டு வாய் உறிஞ்சினால் நீலமாகிவிடுவானாம். எது கொடுத்தால் எடை ஏறும் என்று அம்மா யாரைத்தான் கேட்கவில்லை. கடைசியில் கையில் இருந்த காசை எடுத்திருக்கிறாள். பேர் வைக்கிற அன்று ஒரே ஒரு நாள் உரசுகிறதை இவள் ஒவ்வொரு நாளும் உரசியிருக்கிறாள், யாருக்கும் தெரியாமல், எல்லாரும் காட்டுக்குப் போன பிறகு. ஆறு மாசம் இருந்தான். அவனுக்கு எடை ஏறவே இல்லை. காசுக்குத்தான் இறங்கியிருக்கிறது.

என்னை அந்த மாசங்களில் வெள்ளக்கடையில் மாமன் வீட்டில் விட்டிருந்தார்களாம். மூன்று வயசு. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அங்கே பலாப்பழம் தின்றது மட்டும்தான். திரும்பி வந்தபோது தொட்டில் கயிற்றைக்கூட அவிழ்த்திருக்கிறார்கள்.

"அவ ஆறு மாசம்னு சொன்னப்பத்தான் கண்ணு எனக்கு ஒறைச்சுது" என்றாள் பெரியம்மா. "அந்த நாக்கு அழுகாம இன்னும் வாய்க்குள்ள கெடக்குது பாரு."

பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் கத்தினேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை. தம்பி ஒருத்தன் இருந்தான் என்று ஒரு வார்த்தை. அந்த ஹாலில் நின்ற ஐந்து பேரில் நான்கு பேருக்கு அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாதது எனக்கும் அந்தக் காசுக்காரருக்கும்தான். என்னைக் கொண்டுபோய் அந்த ஆளோடு சேர்த்துவிட்டார்களே! அம்மா உயிரோடு இருந்தால் அவளிடமே சண்டை போட்டிருப்பேன். இப்போது யாரிடம் போடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலை விட்டு வந்து ஜீப்பில் ஏறினோம். அப்பா முன்னாலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருந்தார். அம்மா ஏறினாள். பெரியம்மா ஏறி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். பெரியப்பா ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைப் போட்டார். போட்டவர் அப்படியே இருந்தார். வண்டி கிளம்பவில்லை. யாரும் கிளம்பு என்று சொல்லவும் இல்லை. பின்னால் ஊர் சுற்ற வந்தவர்களின் கார்கள் ஹாரன் அடித்தன. ஒருத்தன் இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, உள்ளே இருந்த முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். பெரியப்பாவின் தோள் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

பேட்டரி போய்விட்டது என்று நான் நினைத்தேன். வழக்கமாக அது அப்படித்தான் போகும், இறங்கித் தள்ளினால் பிடித்துக்கொள்ளும். யாராவது இறங்கச் சொல்வார்கள் என்று கதவுப் பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.